கண்ணை மறைத்த கறுப்புப் பட்டை

சின்னாளப்பட்டி போன்ற நெசவூர்களில் ஒருவரை அடையாளம் காண முழு முகம் தேவையில்லை. தெருவில் போகிறவரின் முதுகைப் பார்த்தே இன்னார் மகன், இன்ன தறிக்காரர் வீட்டு மருமகள் என்று சொல்லிவிடுவார்கள். இத்தகைய ஊரில், நோயாளியின் கண்களுக்கு மேல் ஒரு கறுப்புப் பட்டையை வரைந்துவிட்டு 'அடையாளத்தை மறைத்துவிட்டோம்' என்று ஒரு மருத்துவர் முகநூலில் படம் இடுவாரானால், அதை நாம் எப்படி எடுத்துக்கொள்வது?

நம் மாணவி ஒருத்தியின் பொருட்டே இக்கேள்வி நம்மிடம் வந்தது. நிலக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூர். தந்தை மல்லிகை பயிரிடுபவர். அப்பகுதியில் சில ஊர்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது கலந்த நீரை, நிலைப்பற்கள் உருவாகும் சிறுபருவத்தில் பருகி வளர்வோருக்குப் பல்லில் வெண்திட்டும் பழுப்புக் கறையும் படியக்கூடும், துலக்கினால் போகாது. அவளுக்கும் அப்படித்தான். சேர்த்துவைத்த பணத்தில் பல் மருத்துவர் ஒருவரிடம் சிகிச்சை பெற்றாள். சிகிச்சை நன்றாகவே அமைந்தது; அதில் குறை சொல்ல ஏதுமில்லை. சில வாரங்களில் அவளது வாய் 'முன்', 'பின்' என இரண்டு படங்களாக அம்மருத்துவரின் முகநூல் பக்கத்தில் வெளிவந்தது. கண்களின்மேல் பட்டை. மோவாயில் மச்சம் அப்படியே. கீழே 'நிலக்கோட்டையைச் சேர்ந்த இளம்பெண்' என்ற குறிப்பு வேறு.

அவளைப் பெண் கேட்டிருந்த வீட்டுக்கு அப்படம் வாட்ஸ்அப் வழியே போய்ச் சேர்ந்தது. "பிறக்கிற பிள்ளைகளுக்கும் இது வருமா?" என்று கேட்டனுப்பினார்களாம். இந்தக் கறை பரம்பரையாக வருவதன்று, தண்ணீரால் வருவது. அதை எடுத்துச் சொல்லத் தகுதியுள்ள மனிதர் அந்த மருத்துவர்தாம். அவரது பதிவிலோ தண்ணீரைப் பற்றி ஒரு வரி இல்லை. சலுகைக் கட்டணம் இருந்தது.

நம் நாட்டில் இதற்கு விதி இல்லாமல் இல்லை. 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கழக ஒழுக்க விதிகள் நோயாளியின் இரகசியத்தைக் காக்கச் சொல்கின்றன. அடையாளம் தெரியும்படியான படத்தை அவர் இசைவின்றி இதழ்களில் வெளியிடலாகாது என்கின்றன. அடையாளம் வெளிப்படாது எனில் இசைவு தேவையில்லை என்றும் அங்கேயே சேர்த்திருக்கிறார்கள். ஓட்டை அதுதான். யார் கண்ணுக்கு அடையாளம் தெரியாது? அயலூராருக்கா, அத்தை வீட்டாருக்கா? பல் மருத்துவர்களுக்கென 2014-இல் தனி விதிகள் வந்தன. சமூக ஊடகத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிட்ட விதிகளைத் தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்ட் 2 அன்று வெளியிட்டது. நோயாளிகளின் படங்களையும் பாராட்டுரைகளையும் இடலாகாது, விருப்பக்குறிகளை விலைக்கு வாங்கலாகாது என்றெல்லாம் அதில் இருந்தது. பொதுப்பெயரிலேயே மருந்து எழுதவேண்டும் என்ற வேறொரு பிரிவின்மேல் பெரும் எதிர்ப்பு எழ, அதே மாதம் 23 அன்று விதிகள் மொத்தமாக நிறுத்திவைக்கப்பட்டன. மருந்துப் பெயருக்கான சண்டையில் நோயாளியின் முகம் மறந்துபோயிற்று என்றே நமக்குத் தோன்றுகிறது.

2024 அக்டோபரில் யூடியூபர் இர்ஃபான், அறுவை அரங்கில் தம் குழந்தையின் தொப்புள்கொடியைத் தாமே வெட்டிய காட்சியை வெளியிட்டார். சோழிங்கநல்லூர்த் தனியார் மருத்துவமனைக்கு அரசு 50,000 ரூபாய் தண்டமும் 10 நாள் தடையும் விதித்தது. சரியே. ஆனால் அங்கே குடும்பத்தார் விரும்பி வெளியிட்டார்கள், நாடே பேசிற்று. நம் மாணவிக்காக யார் பேசினார்கள்?

மருத்துவரைப் போய்ப் பார்த்தோம். மரியாதையாகவே பேசினார். "கையெழுத்து வாங்கியிருக்கிறோமே, சார். அந்தப் படத்தைப் பார்த்துப் பத்துப் பேர் வந்தார்கள். அவர்களுக்கும் நல்லதுதானே?" கறை போக வழியுண்டு என்று அறியாமலே வாயைப் பொத்தி வாழ்வோர் அப்பகுதியில் இருக்கிறார்கள், ஆகவே அவர் சொன்னதை முற்றிலும் தள்ளிவிட இயலவில்லை. கையெழுத்தோ, ஆங்கிலத் தாளில், நாற்காலியில் சாய்ந்த நிலையில் இட்டது. சற்று நேரத்தில் தன் வாயில் கருவியை வைக்கப்போகிறவரிடம் யார்தான் மறுத்துப் பேசுவார்கள்?

இவ்வூருக்கு அருகிலேயே இருக்கிறது, 1947-இல் டாக்டர் சௌந்தரம் அம்மையார் தொடங்கிய காந்திகிராமம். அங்குள்ள கஸ்தூர்பா மருத்துவமனையில் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் வந்து பிள்ளை பெற்றிருக்கிறார்கள். கணவனிடமும் சொல்லாததை மருத்துவரிடம் சொல்லியிருப்பார்கள். அவை வெளியே வந்திருந்தால் சுற்றுவட்டாரத்தில் எத்தனை குடும்பங்கள் நிலைத்திருக்கும்?

மருத்துவர் நம் முன்னிலையிலேயே படத்தை நீக்கினார். பின்னொரு நாள் ஃபுளோரைடு நீரைப் பற்றி, முகங்கள் ஏதுமின்றி, ஒரு பதிவும் எழுதினார், தெளிவான பதிவு. அதைப் பகிர்ந்தவர்கள் மிகச் சிலரே. பழைய படம் இன்னும் யார் யார் கைப்பேசியிலோ இருக்கிறது. அந்தச் சம்பந்தம் அப்படியே நின்றுபோயிற்று. மாணவி இவ்வாண்டு பி.எட். படிக்கிறாள். பற்கள் வெண்மையாகத்தான் இருக்கின்றன. சிரிக்கும்போது கை மட்டும் பழையபடி வாய்க்குப் போகிறது.