‘சுத்தம் போதாது’

போன வாரம் தஞ்சாவூரிலிருந்து ஒரு தோழர் போனில் அழைத்தார். வீடு கட்டி முடித்துவிட்டாராம். மாடியில் ஒரு அறை சும்மா கிடக்கிறது, பெரிய கோயில் பார்க்க வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடலாமா என்று யோசிக்கிறார். லைசென்ஸ், வரி பற்றியெல்லாம் கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒரே கேள்விதான்: “தோழர், வந்து தங்கிட்டு யாராவது மோசமா எழுதிட்டுப் போயிட்டா என்ன பண்றது?”

அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும் எனக்குத் தெரியுமென்று. போனில் அவசரமாக ஏதோ சொன்னேன். ஆற அமரச் சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீடு மதுரையில், வைகைக்கு வடகரையில் இருக்கிறது. தபால் துறையில் வேலை பார்த்த அப்பா லோன் போட்டுக் கட்டிய வீடு. தம்பி வேலைக்காக ஓசூர் போன பிறகு மாடி அறை காலியானது. அப்பா இறந்த பின் அம்மாவுக்கு வரும் குடும்ப ஓய்வூதியமும், தொண்டு நிறுவனத்தில் எனக்குக் கிடைக்கும் சம்பளமும் லோனுக்கும் மருந்துக்கும் சரியாகப் போனது. மூன்று வருடத்துக்கு முன் ஒரு செயலியில் அந்த அறையைப் போட்டோம். மீனாட்சியம்மன் கோயிலுக்கு வருகிற குடும்பங்கள், தேர்வு எழுத வரும் பிள்ளைகள், ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் என்று ஆட்கள் வந்தார்கள். ஒரு பிரெஞ்சுக்காரத் தம்பதி வந்தபோதுதான், வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அதைப் பதிய வேண்டும் என்பதைக் கற்றுக்கொண்டேன். அம்மா எல்லோருக்கும் காபி போட்டுக் கொடுப்பார். காபிக்குக் காசு வாங்கமாட்டார்.

முதல் மோசமான ரிவ்யூ ஆறாவது மாதத்தில் வந்தது. மூன்று ஸ்டார். ‘சுடு தண்ணீர் வரவில்லை, போர்வையில் பாச்சை உருண்டை வாசம், சுவரில் ஓதம்’ என்று ஒரு பையன் எழுதியிருந்தான். பஸ்ஸில் வரும்போது படித்தேன். ‘வாசம்’ என்ற சொல்லைத் தாண்டி என் கண் போகவில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து நீளமாக ஒரு பதில் எழுதினேன். எங்களைப் போன்றவர்கள் வீட்டில் குறை கண்டுபிடிக்கவே வருகிறார்கள் என்பதுவரை எழுதினேன். சமூகவியலில் முதுகலை படித்தவளின் எல்லா அம்புகளும் அதில் இருந்தன.

இரவு அம்மாவிடம் காட்டினேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “கீசர் காயில் போயி பத்து நாளாச்சும்மா. நீயே செலவு செலவுன்னு சொல்லிக்கிட்டு இருக்கியேன்னு நான்தான் சொல்லல. அந்தப் பையன் எழுதுனது நெசந்தானே?” என்றார்.

நிஜம்தான். அவன் கொடுத்த காசுக்கு வெந்நீர் எதிர்பார்த்தான். நான் அதில் சாதியைத் தேடினேன். அடுத்த சில வாரங்களில் அறை கேட்ட இரண்டு பேர் என் பதிலைப் படித்துவிட்டு, “வீட்ல ஏதும் பிரச்சினையாங்க?” என்று விசாரித்தார்கள். பதிலை நீக்கித் தரும்படி செயலிக்காரர்களுக்கு எழுதி, பல நாள் கழித்துத்தான் அது நீங்கியது. அந்தப் பையனுக்குத் தனியாக மன்னிப்புக் கேட்டு ஒரு செய்தி அனுப்பினேன். கீசரைச் சரிசெய்ய ஆன செலவு ஆயிரம் ரூபாய்க்கும் குறைவு.

இரண்டாவது ரிவ்யூ வேறு வகை.

கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். மூன்று இரவுக்கு முன்பணம் கட்டி வந்தார்கள். மதியம் இரண்டு மணி இருக்கும். ஹாலில் உட்கார்ந்ததும் அந்த மனிதர் கேட்டார், “உங்களுக்குச் சொந்த ஊரே மதுரையா? இந்தத் தெருவுல எல்லாம் யாரு இருக்காங்க?” அம்மா ஊர்ப் பெயரைச் சொன்னார். அவர் கண் சுவருக்குப் போனது. அங்கே அப்பா படத்துக்குப் பக்கத்தில் நீலக் கோட்டுடன் அம்பேத்கர் படம். அம்மா கொண்டு வந்த காபி நான்கு டம்ளரும் தொடப்படாமல் ஆறிக்கொண்டிருந்தது. சின்னப் பிள்ளை கை நீட்டியபோது அதன் தாய், “வயிறு சரியில்ல, வேணாம்” என்றார். மாடிக்குப் போனார்கள். அரை மணி நேரத்தில் பெட்டியோடு இறங்கிவிட்டார்கள். சொந்தக்காரர் வீட்டில் தங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துகிறார்களாம். “பரவால்லைய்யா, நல்லா சாமி பாத்துட்டுப் போங்க” என்று அம்மா வழியனுப்பினார்.

இரவு பத்து மணிக்கு ஒரு ஸ்டார் விழுந்தது. ‘சுத்தம் போதாது. கண்ணியமான குடும்பங்களுக்கு ஏற்ற ஏரியா அல்ல. படத்தில் வீட்டின் உண்மையான சூழல் தெரியவில்லை.’ கூடவே முழுப் பணத்தையும் திருப்பிக் கேட்டு ஒரு புகார்.

இந்த மூன்று வரியில் சாதி என்ற சொல் இருக்கிறதா? இல்லை. நம்மைத் திட்டும் ஒரு சொல்லாவது? இல்லை. 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் பொதுமக்கள் பார்வையில் நடக்கும் அவமதிப்புக்குப் பிரிவு உண்டு. இணையத்தில் வெளியாவதும் பொதுப் பார்வைதான் என்று 2022-இல் கேரள உயர் நீதிமன்றம் ஒரு முன்ஜாமீன் வழக்கில் சொன்னது. 2015 திருத்தம் சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பையும் குற்றமாகச் சேர்த்தது. எல்லாம் சரி. ஸ்டேஷனில் போய் என்னவென்று எழுதிக் கொடுப்பேன்? ‘சூழல்’ என்று எழுதிவிட்டார் என்றா?

அரசியல் சாசனத்தின் 15-ஆவது உறுப்பு, கடைக்குள்ளும் உணவகத்துக்குள்ளும் விடுதிக்குள்ளும் சாதியைச் சொல்லி யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. உள்ளே விடப்படாமல் வாசலில் நிற்பவருக்கான பாதுகாப்பு அது. 1917-இல் வெளிநாட்டில் படித்துவிட்டுத் திரும்பி பரோடா போன அம்பேத்கர், வேறு இடம் கிடைக்காமல், பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரைப் பதிந்து தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு வந்து வெளியே விரட்டினார்கள். அவர் வாசலில் நின்றவர். நூறு வருடம் கழித்து விடுதி நம்முடையது, அறைச் சாவி நம் கையில். உள்ளே வந்தவர் நம் சுவரைப் பார்த்துவிட்டு வெளியேறுகிறார். வெளியேற அவருக்கு உரிமை உண்டு. ஆனால் அவர் எழுதிவிட்டுப் போன ‘சுத்தம் போதாது’ அடுத்து வருகிறவர் கண்ணில் தகவலாகப் படுகிறது.

அந்தத் தகவலுக்கு என்ன விலை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்பது பேர் ஐந்து ஸ்டார் கொடுத்த இடத்தில் பத்தாவது ஆள் ஒரு ஸ்டார் கொடுத்தால் சராசரி 4.6. அதை 4.8-க்குக் கொண்டுவர, தொடர்ந்து இன்னும் பத்துப் பேர் ஐந்து ஸ்டார் கொடுக்க வேண்டும். எங்களைப் போல மாதத்துக்கு நாலைந்து பேர் வரும் வீட்டில் அது இரண்டு மாத உழைப்பு.

இது என் மனப்பிரமை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2014-இல் இரண்டு ஹார்வர்டு ஆய்வாளர்கள் நியூயார்க்கில் ஏர்பிஎன்பி வீடுகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரே தரமான வீட்டுக்குக் கறுப்பரல்லாத உரிமையாளர்கள் ஏறத்தாழ 12 சதவீதம் கூடுதல் வாடகை வாங்கினார்கள். இங்கே, டெல்லியையும் அதன் சுற்றுப்புறங்களையும் வைத்து சுகதேவ் தோரட்டும் மற்றவர்களும் 2015-இல் வெளியிட்ட ஆய்வு, வாடகை வீடு தேடும் தலித்துகளும் முஸ்லிம்களும் எப்படித் திருப்பி அனுப்பப்படுகிறார்கள் என்பதைக் காட்டியது. நம்மிடம் வாடகைக்கு வருகிறவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதையும் இங்கே யாராவது அப்படி எண்ணிப் பார்க்க வேண்டும்.

மறுநாள் காலை ஐந்து மணிக்குச் சத்தம் கேட்டு எழுந்தேன். அம்மா ப்ளீச்சிங் பவுடர் போட்டு மாடிப் படியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். முந்தின நாள்தான் அதே படியைக் கழுவியிருந்தார். “விடும்மா” என்றேன். விடவில்லை. சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் ஹால் சுவரில் ஆணி மட்டும் இருந்தது. படம் அம்மாவின் அறையில், பீரோவுக்குப் பக்கத்தில். “ஆளு வர்ற அன்னிக்கு இனி மீனும் எடுக்க வேணாம்” என்றார். எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. அப்பா உயிரோடு இருந்தவரை கைவைக்காத படம். “ஒரு ஸ்டாருக்காகவாம்மா?” என்று கத்தினேன். அம்மா திருப்பிக் கேட்டார்: “லோனை யாரு கட்டுறது?”

அன்று எனக்குப் பதில் இல்லை. ஆனால் ரிவ்யூவுக்குப் பதில் எழுத வேண்டியிருந்தது. முதல் தடவை சூடு பட்டவள் என்பதால் இரண்டு நாள் எதையும் எழுதவில்லை. மூன்றாம் நாள் ஒரு தாளில் அந்த மூன்று வரியையும் தனித்தனியாக எழுதி, ஒவ்வொன்றிலும் சரிபார்க்கக்கூடியது என்ன என்று கேட்டுக்கொண்டேன். சுத்தம்: அறையை மறுபடி முழுக்கப் பார்த்தேன். பாத்ரூம் கதவின் அடியில் கொஞ்சம் கறை இருந்தது, தேய்த்தோம். ஏரியா: தெருப் பெயர் முதலிலேயே கொடுத்திருக்கிறோம். சூழல்: அவருக்கு மட்டுமே தெரியும்.

பதில் இவ்வளவுதான் எழுதினேன்: ‘நீங்கள் வந்து ஒரு மணி நேரத்துக்குள், உறவினர் வீட்டில் தங்குவதாகச் சொல்லிக் கிளம்பினீர்கள். அப்போது சுத்தம் பற்றி எங்களிடம் எதுவும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் உடனே சரிசெய்திருப்போம். பாத்ரூம் கதவில் இருந்த கறையை நீக்கிவிட்டோம். எங்கள் தெருவில் கண்ணியமான குடும்பங்கள்தான் வாழ்கின்றன, அதில் எங்கள் குடும்பமும் ஒன்று.’

அவரைப் பற்றியோ பிள்ளைகளைப் பற்றியோ ஒரு சொல் இல்லை. அந்தப் பதில் அவருக்கானதும் அல்ல. நாளை அறை தேடும் ஒருவர் படிப்பதற்கானது. அவர்கள் வந்த நேரம், கிளம்பிய நேரம், அனுப்பிய செய்திகள், அறையின் படங்கள் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு செயலிக்காரர்களிடம் முறையிட்டேன். ரிவ்யூ விதிமுறைகளை மீறவில்லை என்று பதில் வந்தது. பணத்தில் ஒரு இரவுக்கானது மட்டும் எங்களுக்குக் கிடைத்தது. அவ்வளவுதான் கிடைத்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவர்கள் தரிசிக்க வந்த அதே மீனாட்சியம்மன் கோயிலுக்குள் 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயரோடு கக்கன் முதலானோர் நுழைந்தார்கள். கோயிலில் நமக்குப் பக்கத்தில் நின்று கும்பிட அவர்களுக்கு இன்று தயக்கம் இருக்காது. நம் வீட்டு டம்ளரில்தான் தயக்கம். இதை நான் ரிவ்யூவில் எழுதவில்லை. எழுத வேண்டிய இடம் இது.

இரண்டு மாதம் ஹால் சுவரில் ஆணி மட்டும் இருந்தது. ஏப்ரல் 14 வந்தது. வருடா வருடம் நடுவீட்டில் வைத்து மாலை போடுவதுதான் வழக்கம். அம்மா படத்தைத் துடைத்து எடுத்து வந்து ஹாலில் மாட்டினார், மாலை போட்டார், தெருப் பிள்ளைகளுக்குக் கேசரி கொடுத்தார். மாலை வாடிய பிறகும் படம் உள்ளே போகவில்லை. நான் ஏன் என்று கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அந்த வாரம் செயலியில் இருந்த படங்களை மாற்றினேன். ஹாலின் படத்தில் சுவர் முழுசாகத் தெரிகிறது, அப்பாவும் அம்பேத்கரும் தெரிகிறார்கள். விவரத்தில் ஒரு வரி சேர்த்தேன்: ‘இது நாங்கள் வாழும் வீடு. மீனும் கறியும் சமைப்போம்.’ படத்தில் சூழல் தெரியவில்லை என்று இனி யாரும் எழுத முடியாது. முதல் இரண்டு மாதம் புக்கிங் பாதியாகக் குறைந்தது. இன்னமும் பழைய அளவுக்கு வரவில்லை. அம்மா மாதக் கடைசியில் கணக்கு நோட்டைப் பார்த்து முணுமுணுக்கத்தான் செய்கிறார். ஆனால் வருகிறவர்கள் பார்த்துவிட்டு வருகிறார்கள். காபி ஆறுவதில்லை.

தஞ்சாவூர்த் தோழருக்கு நான் சொல்வது இதுதான். எல்லாக் குறையிலும் சாதியைப் பார்க்காதீர்கள், நான் பார்த்துக் கெட்டேன். எந்தக் குறையிலும் சாதி இல்லை என்று உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்ளவும் வேண்டாம், அப்படி நினைத்தால் ஆயுள் முழுக்கப் படியைத் தேய்த்துக்கொண்டிருப்பீர்கள். எது எது என்று பிரித்துப் பார்க்க இரண்டு நாள் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டின் குறை என்றால் அன்றே சரிசெய்யுங்கள். உங்கள் பிறப்பின் மேல் சொன்ன குறை என்றால், சரிசெய்ய அங்கே எதுவும் இல்லை. நடந்ததை நாலு வரியில் எழுதிவிட்டு அடுத்த ஆளுக்குப் போர்வையை உலர்த்துங்கள்.

முதலில் கீசரைப் பாருங்கள் தோழர். படத்தை எங்கே மாட்டுவது என்பதை அம்மாவோடு பேசி முடிவு செய்யுங்கள்.