அப்பாவின் நோட்டில் இல்லாத கணக்கு

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். தம்பி வேன் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே சொன்னான்: "வண்டிய வித்துருவோம்க்கா. முப்பத்தஞ்சாயிரத்துக்கு ஒருத்தன் கேக்கான். இன்னும் ரெண்டு வருசம் போனா இரும்பு வெலதான் கெடைக்கும்."

"நான் வச்சுக்கிடுதேன்" என்றேன்.

அவன் சிரித்தான். "ஒனக்கு ஓட்டவே தெரியாதேக்கா. ஒரு ஸ்கூட்டி வாங்கித் தாரேன்."

ஓட்டத் தெரியாது என்பது உண்மை. அப்போது எனக்கு நாற்பது வயது. முனைவர் பட்டம் வாங்கியிருந்தேன். இரண்டு கவிதைத் தொகுப்புகள் வந்திருந்தன. ஆனால் வீட்டு வாசலில் பதின்மூன்று வருடம் நின்ற வண்டியின் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. தம்பிக்குப் பதினெட்டு வயது ஆனதும் அப்பா அவனை ஆற்றங்கரைச் சாலைக்குக் கூட்டிப்போய் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். எனக்கும் சொல்லித்தரலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. கேட்கலாம் என்று எனக்கும் தோன்றவில்லை.

அது மாருதி ஆம்னி வேன். 1984-இல் சந்தைக்கு வந்து 2019-இல் உற்பத்தி நின்றுபோன வண்டி. 796 சிசி எஞ்சின், மூன்று சிலிண்டர், நான்கே கியர், இழுத்து மூடும் பக்கக் கதவு. சினிமாவில் ஆள் கடத்த வரும் அதே வேன்தான். என் மாணவிகள் அதைக் 'கடத்தல் வண்டி' என்றுதான் சொல்வார்கள். எங்கள் ஊர் கல்லிடைக்குறிச்சி. அப்பளத்துக்குப் பேர்போன ஊர். எங்கள் வீட்டிலும் அப்பளத் தொழில்தான். அம்மாவும் இன்னும் நாலைந்து பெண்களும் மாவு பிசைந்து, இடித்து, தேய்த்து, காயவைத்துக் கட்டுவார்கள். அப்பா கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுவார். முதலில் சைக்கிள், அப்புறம் மொபட், 2006 முதல் வேன்.

அப்பாவுக்குக் கணக்கு எழுதும் பழக்கம் உண்டு. 1984 முதல் வருடத்துக்கு ஒன்றாக நீள நோட்டுகள். வேன் வந்தபிறகு அதற்கென்று கடைசிப் பத்துப் பக்கங்களை ஒதுக்கியிருந்தார். எந்தத் தேதியில் எஞ்சின் ஆயில் மாற்றியது, அப்போது ஓடியிருந்த கிலோமீட்டர், பிளக் மூன்று, ஃபேன் பெல்ட், பின் சக்கர பிரேக் லைனிங், பஞ்சர் ஒட்டியது என எல்லாம் பைசா சுத்தமாக இருந்தது. துட்டிக்கு வந்தவர்கள்கூட அந்த நோட்டுகளைப் புரட்டிப் பார்த்து, "என்னமா பேணியிருக்காரு!" என்று வியந்தார்கள்.

வண்டியை என் பேருக்கு மாற்ற வாரிசுச் சான்றிதழும் மற்ற வாரிசுகளின் ஆட்சேபனையின்மைக் கடிதமும் வேண்டும். அம்மா உடனே கையெழுத்துப் போட்டாள். தம்பி மூன்று மாதம் இழுத்துவிட்டுப் போட்டான். அதற்குள் 2020 மார்ச் வந்து ஊரே அடைந்துகொண்டது.

ஓடாத வண்டி ஓடுகிற வண்டியைவிட வேகமாகக் கெடும் என்பது எனக்கு அப்போது தெரியாது. வேப்பமரத்தடியில் ஒன்றரை வருடம் நின்றதில் பேட்டரி செத்திருந்தது. எலி ஒயரைக் கடித்திருந்தது. பிரேக் பிடித்துக்கொண்டு சக்கரம் சுற்ற மறுத்தது. டேங்கில் கிடந்த பெட்ரோல் நாறியது. 2021 ஆகஸ்டில் வண்டிக்குப் பதினைந்து வயது முடிந்தது. பதிவைப் புதுப்பிக்க வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியைக் காட்ட வேண்டும், பசுமை வரியும் கட்ட வேண்டும். செப்டம்பரில் கல்லூரி திறந்தது. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் என்னைவிட இருபது வயது இளையவர்களோடு வரிசையில் நின்று உரிமம் வாங்கியிருந்தேன்.

எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணாச்சி பட்டியல் போட்டார். பேட்டரி 4,100. ஒயரிங் 2,600. பிரேக் 3,300. ஆயில், ஃபில்டர், பிளக் 1,900. டேங்க் கழுவ 800. டயர் நான்கும் 10,800. ஆக 23,500 ரூபாய். கௌரவ விரிவுரையாளரான என் தொகுப்பூதியம் அப்போது 20,000. அதுவும் மே மாதம் கிடையாது. ஒரு வளையலை அடகு வைத்தேன்.

டயர் வாங்கப் பக்கத்து நகரத்தில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் என் தலைக்கு மேலே பின்னால் பார்த்தார். "ஆம்பளையாளு யாரும் வரலியாம்மா?" என்றார். பளபளவென்று துடைத்த நான்கு டயர்களை எடுத்துவைத்தார். அண்ணாச்சி முன்பே சொல்லி அனுப்பியிருந்தார். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டும் வருடம். குனிந்து தடவிப் பார்த்தேன். 1217. 2017-ஆம் ஆண்டின் பன்னிரண்டாவது வாரம் செய்தது. நாலரை வருடம் கடையில் கிடந்த ரப்பர். வேறு எடுக்கச் சொன்னேன். "டீச்சருக்கு எல்லாம் தெரியுதே" என்றார். எல்லாம் தெரியாது, அந்த நான்கு எண் தெரியும். அன்றைக்கு அது போதுமாக இருந்தது.

வண்டி ஓடத் தொடங்கியது. வீட்டிலிருந்து கல்லூரிக்கு ஒரு வழி 24 கிலோமீட்டர். எனக்கு இரண்டாம் சுழற்சி வகுப்பு, மதியம் ஒன்றரை முதல் மாலை ஆறரை வரை. 2021 மே முதல் தமிழ்நாட்டில் பெண்களுக்கு நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை. அது எத்தனை பெண்களைக் கல்லூரிக்குக் கொண்டுவந்தது என்பதை என் வகுப்பிலேயே பார்த்தேன். ஆனால் ஆறரைக்குப் பிறகு எங்கள் வழித்தடத்தில் நகரப் பேருந்து ஒன்றே ஒன்றுதான். அதுவும் வந்தால் உண்டு. வராத நாளில் மாணவிகள் இருட்டில் நிறுத்தத்தில் நிற்பார்கள். வீட்டிலிருந்து போன் வந்துகொண்டே இருக்கும். மூன்றாவது முறை தாமதமானதும், "படிச்சது போதும்" என்பார்கள். முதலாமாண்டில் நன்றாக எழுதிய ஒரு பெண் இப்படித்தான் நின்றுபோனாள்.

அதனால் ஆறு பேராகப் போய்வரத் தொடங்கினோம். நான், என்னைப் போன்ற மூன்று விரிவுரையாளர்கள், வழியில் இறங்கும் இரண்டு மாணவிகள். வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு ஓட்டக் கூடாது. அதனால் யாரும் என் கையில் காசு தருவதில்லை. நான்கு ஆசிரியைகளும் முறைவைத்து பங்க்கில் நேராகப் பெட்ரோல் போடுகிறோம். சர்வீஸ் செலவையும் அப்படியே பகிர்ந்துகொள்கிறோம். மாணவிகளுக்குப் பங்கு இல்லை.

பகிர்வது என்றால் கணக்கு வேண்டும். மைலேஜ் பார்ப்பது எளிது. டேங்கை நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்த முறை நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடித்ததோ அதால் ஓடிய தூரத்தை வகுக்க வேண்டும். முதல் மாதம் லிட்டருக்கு 11.8 வந்தது. அண்ணாச்சி என் பக்கத்தில் உட்கார்ந்து ஒருநாள் வந்தார். "காலை கிளட்ச்சுலயே வச்சுருக்கியளே டீச்சர், அது என்ன மெதியடியா?" என்றார். மூன்றாவது கியரிலேயே இழுக்காமல் நான்குக்கு மாறச் சொன்னார். ஐம்பது, ஐம்பத்தைந்திலேயே சீராகப் போகச் சொன்னார். காலையில் வண்டி எடுக்குமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது காற்று பார்க்கச் சொன்னார். ஏர் ஃபில்டரைத் தட்டிக் காட்டினார், ஒரு கை மண் கொட்டியது. ஊர் வந்து இறங்கியதும் நான்கு சக்கரங்களின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோகச் சொன்னார். பின் இடது சக்கரம் மட்டும் அனலாக இருந்தது. பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது, அந்தச் சூடெல்லாம் உங்கள் பெட்ரோல் என்றார். எல்லாம் சரிசெய்தபின் 15.1. மாதம் 960 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 18 லிட்டர் மிச்சம். பெட்ரோல் நூறு ரூபாயைத் தொட்டிருந்த காலத்தில் அது 1,800 ரூபாய்.

பெட்ரோல் மட்டும் கணக்கில்லை என்பதையும் அப்பாவின் நோட்டிலிருந்தே கற்றேன். வருடம் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓட்டம். பெட்ரோல் 67,000. இரண்டு சர்வீஸ் 6,400. டயரை நான்கு வருடத்துக்குப் பரப்பினால் வருடத்துக்கு 2,700. காப்பீடு 3,000. பேட்டரிக்கு 1,200. சொல்லாமல் வரும் செலவுக்கு 6,000. மொத்தம் 86,300. கிலோமீட்டருக்கு 8 ரூபாய் 63 காசு. ஒரு நாளுக்கு 414, நான்கு பங்காக்கினால் ஆளுக்கு 104. தனியாக ஓட்டினால் என் சம்பளத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் இரண்டு பங்கை வண்டி தின்றுவிடும். சேர்ந்து போனால்தான் கட்டுப்படியாகும். ஆறே முக்காலுக்கு ஒரு பேருந்து தவறாமல் வந்தால் வேனை வாசலில் நிறுத்திவிடத் தயார். அதற்கும் மனு கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் உட்கார்ந்து இந்தக் கணக்கை எழுதிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அப்பாவின் நோட்டுகள். அம்மா காலை நீட்டி உட்கார்ந்து முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்பளப் பலகை முன் தரையில் உட்கார்ந்தே நாற்பது வருடம் போனது. சாதாரணமாகத்தான் கேட்டாள்:

"ஏட்டி, வேனுக்கு லைனிங் தேஞ்சதெல்லாம் எழுதியிருக்காரே, எனக்கு முட்டி தேஞ்சது எந்த நோட்டுல இருக்கு?"

தேடினேன். எல்லா நோட்டுகளையும் இரண்டு நாள் தேடினேன். மற்றப் பெண்களுக்கு நூறு அப்பளத்துக்கு இவ்வளவு என்று கொடுத்த கூலி இருந்தது. உளுந்து, உப்பு, காரம், கட்டும் நூல் எல்லாம் இருந்தன. அம்மாவின் பெயர் முப்பத்தைந்து வருடத்தில் ஒரே ஓர் இடத்தில் வந்தது. 1998-இல் கண்ணாடி வாங்கிய செலவு. அதுவும் ஊசி நூல் கோக்கத் தெரியாமல் வேலை நின்றபோது வாங்கியது என்று அம்மா சொன்னாள். அப்பா கெட்டவர் இல்லை. அம்மாவை அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை. அவள் வேலை செலவு வைக்காத வேலை. செலவில்லாததை எதற்கு எழுத வேண்டும் என்று இருந்திருப்பார்.

திருக்குறளின் ஆறாம் அதிகாரத்தை ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறேன். கணவனின் வருவாய்க்குத் தக வாழ்பவளே வாழ்க்கைத் துணை என்று அங்கே வரும். சிக்கனம் பெண்ணின் குணம் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லித்தந்தோம். ஆனால் நோட்டும் பேனாவும் யார் கையில் இருந்தன? செலவைக் குறைக்கும் வேலை அவளுக்கு, எது செலவு என்று தீர்மானிக்கும் வேலை அவனுக்கு.

எனக்கும் இது வெளியே நடந்த கதை இல்லை. கணவரைப் பிரிந்தபோது குடும்ப நீதிமன்றத்தில் என் ஒன்பது வருடச் சம்பளம் எங்கே போனது என்று கேட்டார்கள். வீட்டுக் கடனுக்கும் மாமனாரின் மருத்துவத்துக்கும் போனது. என்னிடம் ஒரு சீட்டுகூட இல்லை. தமிழில் பராமரிப்பு என்ற சொல்லை வண்டிக்கும் சொல்கிறோம், வீட்டுக்கும் சொல்கிறோம், வயதான பெற்றோருக்கும் சொல்கிறோம். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் சட்டத்தின் பெயரிலேயே அந்தச் சொல் இருக்கிறது. வண்டியைப் பராமரிப்பதற்கு மட்டும்தான் தேதி, தொகை, கையெழுத்து எல்லாம் உண்டு.

என் நோட்டை இப்போது மூன்றாகப் பிரித்திருக்கிறேன். முதல் பகுதி வேன். இரண்டாவது அம்மா: ரத்த அழுத்தம், சர்க்கரை, கண், முட்டிக்கு எடுத்த எக்ஸ்ரே, அடுத்த பரிசோதனைத் தேதி. மூன்றாவது நான். ஆம்னியில் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. தொடையில் ஏறும் சூடு எஞ்சினுடையதா, மாதவிலக்கு நிற்கும் வயதினுடையதா என்று தெரியாமல் ஒரு கோடை முழுக்க ஓட்டியிருக்கிறேன். ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை வண்டிக்கு ஆயில் மாற்றியவள், என் ரத்தத்தைச் சோதித்து ஏழு வருடம் ஆகியிருந்தது. போய்ப் பார்த்தால் ஹீமோகுளோபின் 8.4.

மாணவிகள் இருவரும் இப்போது சீட்டைத் தூக்கி ஆயில் அளவு பார்ப்பார்கள். எஞ்சின் ஆறியபின், மேடு பள்ளமில்லாத தரையில், கம்பியைத் துடைத்து மறுபடி விட்டுப் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் இனிச் சொல்ல வேண்டாம். 2026-இல் பதிவை மறுபடி புதுப்பிக்க வேண்டும். பழைய கார்களுக்கு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. தம்பி போனில் இன்னும் விற்கச் சொல்கிறான். ஒவ்வொரு வருடமும் கிலோமீட்டர் செலவைப் பார்க்கிறேன். பன்னிரண்டு ரூபாயைத் தாண்டினால் நானே விற்றுவிடுவேன், பாசத்துக்காக வைத்துக்கொள்ள மாட்டேன்.

போன மாதம் அம்மா நோட்டைக் கேட்டு வாங்கினாள். ஐந்தாம் வகுப்பு படித்தவள். தன் பகுதியில் முதல் பக்கத்தில் கோணல் எழுத்தில் எழுதினாள்: 'அப்பளம். 1978 முதல் 2019 வரை.' தொகை எழுதும் இடத்தை வெறுமனே விட்டுவிட்டு நோட்டை என்னிடம் நீட்டினாள்.

"அத நீ போடு. நீதான கணக்கு எழுதுத."

அப்பாவின் நோட்டிலேயே ஒவ்வொரு வருடத்துக்கும் கூலி விகிதம் இருக்கிறது. எத்தனை அப்பளம் கடைக்குப் போனது, மற்றப் பெண்கள் தேய்த்தது போக மீதி எவ்வளவு என்பதும் இருக்கிறது. அந்த மீதி அம்மா தேய்த்தது. நோட்டு இல்லாத முதல் ஆறு வருடத்துக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. மற்றதை ஒவ்வொரு வருடமாகப் பெருக்கிக்கொண்டு வருகிறேன். இப்போது 1991-இல் நிற்கிறேன்.