குஷன் வேலை யாருடைய ரத்தத்தில் இருக்கிறது?

பழைய காரில் கதவின் உட்பலகை கழன்று ஆடினால், பல இடங்களில் வெளியே தெரிய நாலு ஸ்க்ரூ முறுக்கி அனுப்பிவிடுவார்கள். அடுத்த மழைக்கு மறுபடி ஆடும். குற்றாலச் சாரலில் நிற்கும் வண்டியென்றால் மழை வரைக்கும்கூடத் தாங்காது.

தென்காசியில் என் சித்தப்பா குஷன் கடை வைத்திருந்தார். பள்ளி விடுமுறையில் அங்கே எடுபிடியாக நின்று வளர்ந்தவன் நான். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஆரியங்காவு கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் இறங்கும்போது கடைக்கு வேலை கூடும். அப்படியொரு சீசனில் குற்றாலத்துக்குக் குளிக்க வந்த ஒருவர் தன் ஸ்டாண்டர்டு ஹெரால்டைக் கொண்டுவந்து நிறுத்தினார். இரண்டு கதவிலும் பலகை தொங்கியது.

ஹெரால்டு நம் மெட்ராஸில் 1961 முதல் தயாரான வண்டி. இங்கிலாந்தில் 1959-இல் வந்த டிரையம்ப் ஹெரால்டுதான் அதன் மூலம். வடிவமைத்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. அதே சேஸிஸைக் குட்டையாக்கித்தான் 1962-இல் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் செய்தார்கள். இரண்டு கதவு வண்டியாதலால் கதவு நீளம், பலகையும் நீளம். பாடி முழுக்கத் தனித்தனித் துண்டுகளாக போல்ட் போட்டுப் பூட்டியது. குலுக்கம் அதிகம், கிளிப் சீக்கிரம் தளரும்.

“மேல ஒட்டாதலே. உள்ள தண்ணி எங்க நிக்கிதுன்னு மொதல்ல பாரு” என்பார் சித்தப்பா. கண்ணாடி இறங்கும் இடைவெளி வழியாகக் கதவுக்குள் மழைநீர் போவது சகஜம். அது வெளியேறத்தான் கதவின் அடியில் துளைகள் இருக்கின்றன. அவற்றை மண் அடைத்துவிட்டால் நீர் உள்ளேயே நிற்கும். உட்பலகைக்குப் பின்னால் நீர் படாமல் ஒரு தாள் இருக்கும். கண்ணாடி ஏற்றும் கருவியைச் சரிசெய்ய வந்த யாரோ அதைக் கிழித்துப்போட்டிருப்பார்கள். பலகை ஹார்டுபோர்டு. ஈரத்தில் ஊதி, கிளிப் மாட்டும் ஓட்டை பொடிந்துவிடும். பொடிந்த ஓட்டையில் எந்தப் புதுக் கிளிப்பும் நிற்காது.

அவர் முதலில் கைப்பிடிகளின் பின்னைத் தட்டி எடுத்தார். மூலையைப் பிடித்து இழுக்காமல், ஒவ்வொரு கிளிப்புக்குப் பக்கத்திலும் தட்டையான பட்டியைக் கொடுத்து நெம்பினார். கம்பியால் துளைகளைக் குத்தி அடைப்பெடுத்தார். பழைய பலகையை மெல்லிய பிளைவுட்டில் வைத்துக் கோடு போட்டு அறுத்தார். இரண்டு பக்கமும், முக்கியமாக விளிம்பிலும் ஓட்டையிலும், வார்னிஷ் அடித்துக் காயவைத்தார். பிறகு ரெக்ஸின். பசையை இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து அழுத்தினார். கதவில் புது பாலிதீன் தாள் ஒட்டி, அதன் கீழ் ஓரத்தைக் கதவுக்குள் செருகினார். அப்போதுதான் வழியும் நீர் உள்ளேயே இறங்கித் துளை வழியாகப் போகும். கடைசியில் புதுக் கிளிப் போட்டு உள்ளங்கையால் தட்டி மாட்டினார். கதவைச் சாத்தினால் சத்தமே இல்லை.

வண்டிக்காரருக்கு மகிழ்ச்சி. “ஒங்கப்பா என்ன தொழில் பாத்தாங்க?” என்று கேட்டார்.

“செருப்பு தைச்சாங்க சார்.”

“அதான பாத்தேன்! உனக்கு ரத்தத்துலயே இருக்கு.”

அதுவரை ‘நீங்க’ என்றவர் ஒரே பதிலில் ‘உனக்கு’ என்று இறங்கினார். பாராட்டுகிறோம் என்றே அவர் நினைத்திருப்பார். சித்தப்பா பலகையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “திருநெல்வேலியில ஒரு பாய் கடையில ஏழு வருசம் இருந்தேன் சார். அதுல வந்தது.”

அந்த வேலையில் தோல் எங்கே இருந்தது? பலகை அறுத்தது தச்சு வேலை. கிளிப் மாட்டியது டிங்கர் வேலை. ரெக்ஸின் பிளாஸ்டிக் பூசிய துணி. தாத்தா தொட்ட எதுவுமே அந்தக் கதவில் இல்லை. ஆனாலும் ஏழு வருசப் படிப்பை ஒரே சொல்லில் பிறப்புக்கு எழுதிவைக்க முடிகிறது. பிறப்பில் வந்தது என்றால் கற்ற காலத்துக்குக் கூலி இல்லை, ஆசிரியருக்குப் பெயரும் இல்லை. ஒரு எஞ்சினியரின் மகன் எஞ்சினியரானால் அவன் படித்த கல்லூரியைத்தானே கேட்கிறோம்?

அரசும் இப்படித்தான் யோசிக்கிறது. 2023-இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த விஸ்வகர்மா திட்டம் குடும்ப வழித் தொழில் என்பதை அடிப்படையாக வைத்து 18 தொழில்களைப் பட்டியலிட்டது. செருப்புத் தொழிலாளி அதில் உண்டு, குஷன் வேலைக்காரர் இல்லை. தாத்தாவின் தொழிலுக்குத் திரும்பினால் கடன் உண்டு, அதைத் தாண்டி வந்த தொழிலுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. அப்பன் தொழில் என்ற நிபந்தனையை எதிர்த்துத் தமிழ்நாடு அரசு தனியாகக் கலைஞர் கைவினைத் திட்டம் கொண்டுவந்தது சரியான முடிவு. ஆனால் திட்டத்தில் மாறியது கடைவாசலிலும் மாற வேண்டும்.

எனவே வண்டி வைத்திருக்கும் தோழர்களுக்கு இரண்டு வேண்டுகோள். பில்லில் பொருளுக்குத் தனியாகவும் கைவேலைக்குத் தனியாகவும் எழுதச் சொல்லுங்கள். கைவேலையில் பேரம் பேசாதீர்கள். வேலை பிடித்திருந்தால், “யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?” என்று கேளுங்கள்.