கேட்காவில் என் மகள் கேட்ட கேள்வி



விடுமுறை வந்தால் பூனாவில் வாழும் நாம் பிள்ளைகளை லோனாவாலாவுக்கோ மகாபலேஷ்வருக்கோ அழைத்துச் செல்கிறோம். அவ்விடங்கள் அழகானவையே. ஆயினும் ஒரு நாளையாவது கேட்காவுக்கென்று ஒதுக்குங்கள் என உங்களை வேண்டிக்கொள்கிறேன். பூனா நிலையத்தில் தௌண்டு செல்லும் ரயிலில் ஏறுங்கள். ஹடப்சர், லோணி, உருளி, யெவத் நிலையங்களைக் கடந்து, ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் அந்தச் சிற்றூர் வரும். நகரத்தின் கட்டிடங்கள் பின்தங்க, கரும்பு வயல்கள் தோன்றும். அங்கேதான் பண்டித ரமாபாய் அம்மையாரின் முக்தி மிஷன் இன்றும் ஊழியம் செய்துவருகிறது. நானும் என் மனைவியும் கல்லூரியில் படிக்கும் எங்கள் மகளும் அங்கே சென்றோம்.

ரமாபாயின் வாழ்க்கையை நீங்கள் அறிந்திருக்கக்கூடும். 1858-ல் வேத சாஸ்திரம் கற்ற குடும்பத்தில் பிறந்தவர். தென்னாட்டுப் பஞ்சத்தில் சில மாத இடைவெளியில் பெற்றோர் இருவரையும் இழந்தார். 1880-ல் வங்காள வழக்கறிஞர் ஒருவரை மணந்தார். 1881-ல் மகள் மனோரமா பிறந்தாள். அவளுக்கு ஒரு வயது நிறைவதற்குள் கணவர் காலராவில் மரித்தார். கைக்குழந்தையோடு நின்ற இளம் விதவை 1883-ல் இங்கிலாந்துக்குச் சென்றார். அங்கே வாண்டேஜ் என்னும் ஊரில் தாயும் மகளும் ஞானஸ்நானம் பெற்றனர்.

1889-ல் விதவைகளுக்காக பம்பாயில் தொடங்கிய சாரதா சதன், அடுத்த ஆண்டு பூனாவுக்கு மாற்றப்பட்டது. 1893-ல் மதமாற்றக் குற்றச்சாட்டு எழுந்தபோது, பலர் தங்கள் பெண்களைத் திருப்பி அழைத்துக்கொண்டனர். ரமாபாய் பின்வாங்கவில்லை. 1896-97 பஞ்சத்தில் மத்திய மாகாணங்களுக்குச் சென்று, அநாதைச் சிறுமிகளையும் இளம் விதவைகளையும் மீட்டுவந்தார். பூனாவில் பிளேக் பரவியிருந்ததால் அவர்களை நகரத்தில் வைத்துக்கொள்ள அதிகாரிகள் அனுமதிக்கவில்லை. கேட்காவில் தாம் வாங்கியிருந்த நிலத்திற்கு அவர்களைக் கொண்டுசென்றார். நகரம் அடைத்த கதவைக் கர்த்தர் கிராமத்தில் திறந்தார்! 1900-ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்பின் அங்கே ஏறத்தாழ 2000 பேர் வாழ்ந்தனர்.

பெந்தெகொஸ்தே சபையாராகிய நாம் மறக்கலாகாத இடம் இது. 1905-ன் தொடக்கத்தில் எழுபது பேர் எழுப்புதலுக்காக ஜெபிக்கத் தொடங்கினர். ஜூன் மாதத்திற்குள் அவர்கள் 550 பேராயினர். கிராமங்களுக்குச் சென்று சுவிசேஷம் அறிவிக்க முப்பது இளம்பெண்கள் தங்களை ஒப்புக்கொடுத்து, ஆவியானவரின் பெலனுக்காகக் காத்திருந்தனர். ஜூன் 29-ல் எழுப்புதலின் அக்கினி இறங்கியது. அமெரிக்காவில் அசூசா தெரு எழுப்புதல் தொடங்கியது அதற்கு அடுத்த ஆண்டில்தான்.

அங்கே ஊழியம் செய்த மின்னி ஆபிராம்ஸ் அம்மையார் 1906-ல் இதைக் குறித்து ஒரு சிறு நூல் எழுதினார். அதைத் தம்முடன் பயிற்சி பெற்ற தோழி ஒருவருக்கும் அனுப்பிவைத்தார். அத்தோழி தென் அமெரிக்காவின் சிலி தேசத்தில், வால்பரைசோ நகரில் கணவர் வில்லிஸ் ஹூவருடன் ஊழியம் செய்துவந்த மே ஹூவர். ஸ்பானிய மொழி பேசும் மக்களின் நடுவே வாழ்ந்த அந்த மிஷனெரித் தம்பதியர் அதை வாசித்து, தங்கள் சபையோடு ஜெபித்தனர். 1909-ல் அங்கே எழுப்புதல் உண்டாயிற்று. சிலியின் பெந்தெகொஸ்தே சபைகள் அதிலிருந்து பிறந்தன. நம் பூனா மாவட்டத்துக் கிராமத்தின் தீப்பொறி கடல் கடந்த விதத்தைப் பார்த்தீர்களா!

இவற்றையெல்லாம் நான் உற்சாகமாக விவரித்துக்கொண்டிருந்தேன். ஆலயத்தின் வெளியே நிழலில் அமர்ந்தபோது என் மகள் கேட்டாள்: "அப்பா, மனோரமாவிடம் யாராவது கேட்டார்களா?"

எனக்குப் பதில் வரவில்லை. மனோரமாவின் குழந்தைப் பருவத்தில் ஒரு பகுதி, தாயைப் பிரிந்து, வாண்டேஜ் மடத்துச் சகோதரிகளின் பராமரிப்பில் கழிந்தது. பின்னர் அமெரிக்காவில் படித்தாள். திரும்பி வந்து தாய்க்கு வலதுகரமாக நின்றாள். மின்னி ஆபிராம்ஸுடன் ஆஸ்திரேலியாவுக்குச் சென்று, அங்குள்ள ஜெபக் குழுக்களைக் கண்டு வந்து சொன்னவளும் அவளே. குல்பர்கா வரை சென்று பள்ளி நிறுவினாள். 1921-ல், நாற்பது வயதில், தாய்க்கு முன்பாகவே மரித்தாள். அடுத்த ஆண்டு ஏப்ரல் 5-ல் தாயும் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

வாசகரே, என் மகள் கேட்டது மனோரமாவைப் பற்றி மட்டுமல்ல என்பது எனக்கு விளங்கியது. அவளுக்கு ஏழு வயதாயிருந்தபோது ஊழிய அழைப்பென்று சொல்லி ஊரைவிட்டு வந்தோம். பாட்டியையும் பள்ளித் தோழிகளையும் பிரிந்து, மொழி தெரியாத வகுப்பறையில் அவள் அழுத நாட்களில் நான் வீட்டுக்கூட்டங்களில் பிரசங்கித்துக்கொண்டிருந்தேன். அவளிடம் நான் கேட்கவில்லை. அன்று அந்த நிழலில், "கேட்டிருக்க வேண்டும், அம்மா, என்னை மன்னித்துவிடு" என்றேன். அவள் சற்றுநேரம் மௌனமாயிருந்தாள். பிறகு, "இப்போதாவது கேட்கிறீர்களே, அப்பா" என்றாள்.

மனோரமா திரும்பி வந்தது கட்டாயத்தினாலா, சொந்த மனதினாலா என்பதை மனுஷர் எவரும் தீர்ப்பிட முடியாது. ஆனால் அவள் செய்த வேலை, கடனுக்குச் செய்த வேலையாகத் தோன்றவில்லை. ஆபிரகாம் மோரியா மலைக்கு ஏறினபோது ஈசாக்கும் விறகைச் சுமந்தான். நம் அழைப்பின் விறகை நம் பிள்ளைகளும் சுமக்கிறார்கள். பிழைப்புக்காக வந்தவர்களின் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

ஆகையால் கேட்காவுக்குச் செல்லுங்கள், பிள்ளைகளோடு செல்லுங்கள். பார்வையற்றோருக்காகவும் கைவிடப்பட்ட பெண்களுக்காகவும் ரமாபாய் தொடங்கிய ஊழியத்தின் வரலாற்றை அவர்களுக்குச் சொல்லுங்கள். எபிரெயமும் கிரேக்கமும் கற்று, எளிய மராத்தியில் அவர் மொழிபெயர்த்த வேதாகமத்தைப் பற்றியும் சொல்லுங்கள். திரும்பும் ரயிலில் பிரசங்கம் வேண்டாம். "இந்த ஊருக்கு வந்தது உனக்கு எப்படியிருந்தது?" என்று கேட்டுவிட்டு, அவர்கள் சொல்வதைப் பொறுமையோடு கேளுங்கள். குடும்ப ஜெபம் அங்கிருந்து புதிதாகத் தொடங்கட்டும். கர்த்தர் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.