பாத்திரம் கழுவிய அமைச்சர்

விழுந்தவரைப் பற்றிப் பேசுவது நமக்கு இனிக்கிறது. விழுந்தபின் அவர் எப்படி வாழ்ந்தார் என்று கேட்க நமக்கு அத்துணைப் பொறுமை இருப்பதில்லை. ஜான் புரொஃபியூமோவின் வாழ்வு அந்தப் பொறுமையை நம்மிடம் கேட்கிறது.

1940இல், 25ஆம் வயதில், பிரிட்டானிய மக்களவைக்குள் நுழைந்தவர் அவர். அவ்வாண்டு மே திங்களிலேயே தம் சொந்தக் கட்சியின் தலைமையமைச்சர் சேம்பர்லினுக்கு எதிராக வாக்களிக்கும் துணிவு அவருக்கு இருந்தது. 1960இல் போர்த்துறை அமைச்சரானார். அடுத்த ஆண்டு, மணமானவராகிய அவர், கிறிஸ்டீன் கீலர் என்னும் 19 வயதுப் பெண்ணோடு தகாத உறவு கொண்டார். அதே பெண்ணுக்குச் சோவியத் தூதரகக் கடற்படை அதிகாரி ஒருவரோடும் பழக்கம் இருந்தமையால், ஒரு மனிதரின் ஒழுக்கக்கேடு நாட்டின் பாதுகாப்புப் பற்றிய கேள்வியாக வளர்ந்தது.

1963 மார்ச் 22 அன்று, முறைகேடு எதுவும் நடக்கவில்லை என்று அவர் அவையில் எழுந்து அறிக்கை தந்தார். ஏறத்தாழப் பத்து வாரங்களே அந்தப் பொய் நின்றது. மனைவி வேலரி ஹாப்சனிடம் உண்மையைச் சொன்னார். ஜூன் தொடக்கத்தில் அமைச்சர் பொறுப்பையும் உறுப்பினர் பதவியையும் துறந்தார். ஜூன் 20 அன்று, அவையைக் கடுமையாக அவமதித்த குற்றவாளி என்று மக்களவை அவரைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. அத்தீர்மானம் தண்டித்தது அவருடைய உறவை அன்று, பொய்யை.

அதன்பின் நிகழ்ந்ததே நம் சிந்தனைக்கு உரியது. இலண்டனின் கிழக்குப் பகுதியில் 1884 முதல் ஏழைகளிடையே பணியாற்றிவரும் டாய்ன்பி ஹால் என்ற தொண்டு நிலையத்திற்கு அவர் சென்றார். பாத்திரம் கழுவுதல் போன்ற எளிய வேலைகளில் தொடங்கினார், ஊதியம் பெறவில்லை. பின்னர் நிலையத்திற்காக நிதி திரட்டினார். அதன் தலைவராகவும் ஆனார். 2006இல் 91ஆம் வயதில் இறக்கும்வரை தம் வீழ்ச்சியைப் பற்றிப் பொதுவில் வாய்திறந்து நியாயம் பேசவில்லை. மனைவியும் 1998இல் தாம் இறக்கும்வரை அவரை விட்டு விலகவில்லை. 1975இல் அரசியார் அவருக்கு விருதளித்தார். மனம் வருந்துதல் என்பது ஒருநாள் கண்ணீர் அன்று, நாள்தோறும் செய்யும் வேலை என்பதை அவருடைய கைகள் சொல்லின.

ஆயினும் இங்கேயே நின்றுவிட நம் மனச்சான்று இடம் தரவில்லை. இருவரையும் அறிமுகப்படுத்திய மருத்துவர் ஸ்டீபன் வார்டு, பரத்தமையால் வந்த பணத்தில் வாழ்ந்தார் என்று குற்றஞ்சாட்டப்பட்டு, வழக்கு முடியும் வேளையில் அளவுமீறி மாத்திரை உட்கொண்டு 1963 ஆகஸ்டில் இறந்தார். கீலர், வேறொரு வழக்கில் பொய்ச்சாட்சி சொன்னதற்காக ஒன்பது மாதச் சிறைத்தண்டனை பெற்றார். 2017இல் 75ஆம் வயதில் இறந்தபோதும் அந்தப் பழைய அவப்பெயரே அவர் பெயருக்கு முன்னே நடந்தது.

பொய் சொன்ன அமைச்சர் சிறை செல்லவில்லை. ஊதியமின்றித் தொண்டு செய்யப் பரம்பரைச் செல்வம் அவருக்குத் துணைநின்றது. அவருடைய நெடிய உழைப்பை இது பொய்யாக்காது. அந்த உழைப்பு மெய்யானது. ஆனால் திரும்பி வரும் பாதையை உலகம் எல்லாருக்கும் ஒரே அகலத்தில் வெட்டுவதில்லை. செல்வமும் செல்வாக்கும் உள்ளவர் திருந்தினால் நாம் மெச்சுகிறோம். எளிய பெண் ஒருத்திக்குத் திருந்துவதற்கான காலத்தையாவது நாம் தருகிறோமா? நம் ஊரிலும் நம் தெருவிலும் ஒரு பெயர் சொல்லப்படும்போது எழும் முணுமுணுப்பை நாம் ஒருகணம் உற்றுக் கேட்டால், விடை நமக்கே தெரியும்.