முதலில் முள், பிறகு மூளை

பண்டிகைகளையும் பிள்ளைகளின் தமிழ்ப் படிப்பையும் பற்றி நமது சங்கத்து இதழில் படித்துப் பழகிய அன்பர்களுக்கு, மோட்டார் வண்டியின் கம்ப்யூட்டரைப் பற்றிய கட்டுரை சற்று வியப்பாகவே இருக்கும். ஆயினும் இந்த நாகபுரியில் நம்மவர் இல்லங்கள் பலவற்றின் வாசலில், இருபது ஆண்டு கடந்த வண்டி ஒன்று உறை போர்த்தி நிற்பதைக் காண்கிறேன். விற்க மனம் வராது, ஓட்டவும் இயலாது. எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று நின்றது. அதை மீண்டும் ஓடச் செய்ய முனைந்தபோது அறிந்தவை, அந்த அன்பர்களுக்குப் பயன்படக்கூடும்.

வண்டி 2003ஆம் ஆண்டின் மாருதி எஸ்டீம். நான்கு சிலிண்டர், 1298 சி.சி. அஜ்னி ஷெட்டில் ரயில் இன்ஜின் ஓட்டுநராகப் பணியாற்றிய என் தந்தையார், மூன்றாண்டு ஓடிய நிலையில் 2006இல் வாங்கியது. இதில் கார்புரேட்டர் கிடையாது. பெட்ரோலை எவ்வளவு தெளிப்பது, பிளக்கில் எந்தக் கணத்தில் பொறி எழுவது என்பவற்றை ஒரு சிறு கம்ப்யூட்டர் கணக்கிடுகிறது. மெக்கானிக்குகள் அதை ஈ.சி.எம். என்பார்கள். சென்ற ஆண்டு மழையில் உள்ளே கசிந்த நீர் அந்தப் பெட்டியை அரித்துவிட்டது. எஸ்டீம் விற்பனையோ 2007இலேயே நின்றுவிட்டது. புதிய பெட்டி எங்கள் ஊர்க் கடைகளில் அகப்படவில்லை. பழைய இரும்புக்காரர் இருபத்தெட்டாயிரம் ரூபாய் தருவதாகச் சொன்னார்.

என் மனைவி குறுக்கே நிற்கவில்லை. "வித்துடலாம்னா வித்துடலாங்க. ஆனா மாமாகிட்ட நீங்கதான் சொல்லணும்" என்றாள். எழுபத்தொரு வயதாகும் என் தந்தையாரிடம் அதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. கூட்டுறவுக் கடன் சங்கத்தில் அறுபதாயிரம் ரூபாய் கடன் கேட்டேன். ஜூன் மாதம் மகளைப் பள்ளியில் சேர்க்க வேண்டியிருந்தபடியால், அதற்குமேல் ஒரு ரூபாயும் கூடாது என்பது வீட்டில் எழுதாத ஒப்பந்தம்.

கம்ப்யூட்டர் விலைப்பட்டியல்களை நான் புரட்டிக்கொண்டிருந்தபோது, தந்தையார் கேட்டது ஒரே கேள்வி: "இன்ஜின் உடம்பு எப்படி இருக்குன்னு தெரியாம மூளையை மாத்தி என்னடா பண்ணப் போறே? முதல்ல முள்ளைப் பாரு." பிரேக் குழாயில் 5 கிலோ, ஃபீட் குழாயில் 6 கிலோ அழுத்தம் நிற்கிறதா என்று முள்ளைப் பார்த்துப் பார்த்தே காலம் கழித்தவர் அவர்.

அவர் சொன்னது முற்றிலும் சரி. வண்டியோடு வந்த ஆயில் விளக்கு, அழுத்தம் ஏறக்குறைய இல்லாமற்போன பிறகே எரியும். அப்போது பேரிங்குகளுக்குக் கேடு நேர்ந்திருக்கும். வெப்பம் காட்டும் முள்ளோ, பல வண்டிகளில் ஓட்டுபவர் கவலைப்படக் கூடாதென்று, வெப்பம் சிறிது ஏறினாலும் இறங்கினாலும் நடுவிலேயே நிற்கும்படி அமைக்கப்பட்டது. ஆகையால் ஆயில் அழுத்தத்திற்கு ஒன்றும் தண்ணீர் வெப்பத்திற்கு ஒன்றுமாக இரண்டு மீட்டர்களை முதலில் வாங்கினேன்.

இதில் கவனிக்க வேண்டியவை உண்டு. ஆயிலையே சிறு குழாய் வழியாக மீட்டர்வரை கொண்டுவரும் வகை விலை மலிவு. ஆனால் குழாய் விட்டால் கொதிக்கும் ஆயில் கால்மேல் கொட்டும். மின்சாரத்தால் இயங்கும் வகையே வீட்டு வண்டிக்கு ஏற்றது. மீட்டரையும் இன்ஜினில் பொருத்தும் சென்சாரையும் ஒரே ஜோடியாக வாங்க வேண்டும். ஒன்றின் மின்தடைக் கணக்கு மற்றொன்றுக்குப் பொருந்தாது. வெப்பச் சென்சாரைப் பொருத்துமுன் கொதிநீரில் அமிழ்த்திப் பார்த்துவிடலாம். நாகபுரியில் தண்ணீர் ஏறக்குறைய 99 பாகையில் கொதிக்கும். நான் முதலில் வாங்கிய மீட்டர் 107 காட்டிற்று. கடைக்காரர் முகம் சுளித்துக்கொண்டே மாற்றிக் கொடுத்தார். இலக்கத்தில் காட்டும் மீட்டர்களும் கிடைக்கின்றன. எனக்கு முள்ளே பிடித்தது. இலக்கத்தைப் படிக்க வேண்டும். முள் சாய்ந்திருப்பதோ கடைக்கண்ணிலேயே தெரிந்துவிடும். டர்போ இல்லாத வண்டிக்கு பூஸ்ட் மீட்டர் வெறும் அலங்காரம். இளைஞர்கள் கோபிக்க வேண்டாம்.

அதே மாதிரி வண்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவருடைய ஈ.சி.எம். பெட்டியை இரவல் வாங்கி, இன்ஜினை ஓட்டிப் பார்த்தோம். அன்று மனம் படபடத்ததை மறைப்பானேன்? அழுத்தம் குறைந்திருந்தால் அன்று மாலையே இரும்புக்காரருக்குச் சொல்லி அனுப்பியிருப்பேன். ஆயிரம் சுற்றுக்கு 0.7 கிலோ அழுத்தம் இருந்தால் போதும் என்பது மெக்கானிக்குகளின் பழைய கணக்கு. நன்கு சூடேறிய பின், மூவாயிரம் சுற்றில் மூன்றரைக் கிலோ நின்றது. தந்தையார் ஒன்றும் சொல்லாமல் உள்ளே சென்று எனக்கும் ஒரு தம்ளர் காப்பி கொண்டுவந்தார்.

அதன் பிறகே கம்ப்யூட்டர். வழிகள் மூன்று இருந்தன. உடைத்த வண்டியிலிருந்து எடுத்த பழைய பெட்டி ஒன்று. அதுவும் இருபது ஆண்டு கண்டதாகையால் எத்தனை நாள் உழைக்குமென்று சொல்ல முடியாது. ஆஸ்திரேலியாவின் ஹால்டெக், நியூசிலாந்தின் லிங்க் போன்றவை இரண்டாவது. பந்தய வண்டிகளுக்கு உகந்த மிக நேர்த்தியான சாதனங்கள். இறக்குமதி வரியும் சேர்ந்தால் எங்கள் வரம்பு தாண்டிவிடும். மூன்றாவது, ஸ்பீடுயினோ. இதன் வரைபடமும் நிரலும் ஒளிவுமறைவின்றி எவரும் பார்க்கும்படி வெளியிடப்பட்டிருக்கின்றன. இதன் மூளை மாணவர்கள் பழகும் ஆர்டுயினோ மெகா என்னும் சிறு பலகை.

நான் மூன்றாவதைத் தேர்ந்ததற்கு விலை மட்டும் காரணமன்று. எங்கள் குடியிருப்புக்கு இரண்டு மைல் தொலைவில் பட்டறை வைத்திருக்கும் மராட்டிய இளைஞர் ஒருவர், அதைப் பிரித்துப் பழுது பார்க்கவும் கணக்குகளைத் திருத்தவும் அறிந்தவர். எத்தனை உயர்ந்த பெட்டியானாலும், அதைத் திறக்கத் தெரிந்தவர் பூனாவிலோ கோயம்புத்தூரிலோ இருந்தால், குமாஸ்தா உத்தியோகத்தில் இருப்பவன் லீவு கேட்டே மாளவேண்டும்.

இரண்டு பொருத்தங்களை மட்டும் அவர் முன்கூட்டிப் பார்த்தார். நம் இஞ்செக்டர்களின் மின்தடை பன்னிரண்டு ஓம்ஸுக்கு மேல் உள்ளதா என்பது ஒன்று. இரண்டு மூன்று ஓம்ஸ் உள்ளவற்றை இந்தப் பலகை நேரே இயக்காது. இன்ஜின் எந்நிலையில் சுழல்கிறது என்பதைப் பெட்டி அறியுமா என்பது மற்றொன்று. இதற்காக 36 பல் கணக்கில் வெட்டி, ஒரு பல்லை மட்டும் விட்ட சக்கரம் ஒன்றை லேத் பட்டறையில் செய்து முன்புறக் கப்பியில் பொருத்தினோம். பத்துப் பாகைக்கு ஒரு பல். பல் இல்லாத இடம் வரும்போது பெட்டி தன் கணக்கைத் தொடங்குகிறது.

மூன்றாவது மீட்டர் ஒன்றை அவரே வற்புறுத்தினார். அதுவே வைட்பேண்ட் லாம்டா மீட்டர். புகையைச் சோதித்து, காற்றும் பெட்ரோலும் சரியாகக் கலந்தனவா என்று சொல்வது. 20 சதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்து, 2025இல் நாடெங்கும் வழக்காயிற்று. கலப்பற்ற பெட்ரோலுக்கு ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று, இதற்கோ 13.5 பங்கே. பழைய கணக்கில் ஆக்ஸிலரேட்டரை முழுதும் மிதித்தால், பெட்ரோல் சுமார் எட்டு சதம் குறைந்து இன்ஜின் அதிகம் சூடேறும். 14.7 என்ற அளவில் காட்டும் மீட்டரை விட லாம்டா அளவில் காட்டுவதே மேல். எந்தப் பெட்ரோலானாலும் சமநிலை 1 என்றே வரும். சமவேகத்தில் 1, முழு மிதியில் 0.87 என்று வைத்திருக்கிறோம். பழைய ரப்பர் குழாய்களை எத்தனால் அரிக்குமாதலால் அவற்றையும் மாற்றிவிட்டோம்.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றின் விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றுக்கு மாறாகும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. ஆகவே இன்ஜினையோ எரிபொருளையோ புகை வடிகட்டியையோ நாங்கள் தொடவில்லை. புகைச் சோதனைச் சான்று பெற்ற பின்பே வண்டி தெருவுக்கு வந்தது.

மொத்தச் செலவு ஐம்பத்தேழாயிரத்துச் சில்லறை. ஏப்ரல் மாத வெயிலில் ரயில்வே கேட் ஒன்றில் இருபது நிமிடம் நின்றோம். ரேடியேட்டர் விசிறி 93 பாகையில் சுழலவும் 88இல் நிற்கவும் அமைத்திருக்கிறோம். இடப்புறம் அமர்ந்த தந்தையார், சிக்னலை உரக்கச் சொல்லும் பழக்கப்படியே, "ஆயில் ஒண்ணரை, தண்ணி தொண்ணூத்தாறு" என்று சொல்லிக்கொண்டு வந்தார். முள் 96ஐத் தொட்டுத் திரும்பிற்று. குளிர்காலைத் தொடக்கத்திற்கான கணக்கு மட்டும் பாக்கி. அதற்கு டிசம்பர் வரவேண்டும்.