கேழல் உழுத நிலம்

பன்றியின் மூக்கு நுனியில், அந்த வட்டத் தட்டுக்குள், ஒரு சிறு எலும்பு இருக்கிறது. அதன் வலுவில்தான் அது மண்ணைக் கிளறுகிறது. கிளறும்போதே முகரவும் செய்கிறது. கொழுமுனைக்கு மோப்ப சக்தி வாய்த்தால் இப்படித்தான் இருக்கும்.

அமெரிக்காவில் சிறுபண்ணை வைத்திருக்கும் சிலர் வீட்டைச் சுற்றியுள்ள புல்தரையை இந்த மூக்கிடம் ஒப்படைக்கிறார்கள். எனக்கு அதில் பெரிய சந்தோஷம். 2005இல் வெளியான ஓர் ஆய்வின்படி, அந்த நாட்டுப் புல்தரைகளின் மொத்தப் பரப்பு சுமார் 1,60,000 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டைவிடப் பெரிது. ஓயாமல் வெட்டுவதால் வேர் ஆழம் போகாது, மண்ணும் இறுகிக் கிடக்கும். காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும் குளோவரைக்கூட ஒருகாலத்தில் புல்லோடு கலந்தே விதைத்தார்கள். களைக்கொல்லி வந்தபின் அதுவும் களையாகிப்போனது.

செய்முறை எளிது. தாழ்வாக இரண்டு இழை மின்கம்பி கட்டிச் சிறு பட்டியில் பன்றிகளை விடுவார்கள். சில நாளில் அடுத்த பட்டிக்கு மாற்றிவிட்டு, கிளறிய மண்ணில் குளோவர், சிக்கரி, ரை விதைகளைத் தூவி, பல வாரம் ஓய்வு கொடுப்பார்கள். புல் மட்டும் பன்றிக்குப் போதாது, தானியமும் வைக்க வேண்டும். அதன் சத்தில் ஒரு பகுதி சாணமாக மண்ணுக்கு வந்துவிடும். நம் ஊரில் ஆட்டுக்கிடை போடுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மாற்றுவதற்குத் தாமதமானால், மழையில் அந்த இடம் சேறாகி முன்னைவிட இறுகும்.

இதையெல்லாம் நினைக்கும்போது புறநானூற்றின் 168ஆம் பாட்டுக்குப் போகாமல் இருக்க முடியவில்லை. குறுநிலத் தலைவன் பிட்டங்கொற்றனைக் கருவூர்க் கதப்பிள்ளைச் சாத்தனார் பாடியது. மிளகு வளரும் மலைச்சரிவில் கேழல் என்னும் காட்டுப்பன்றி தன் கூட்டத்தோடு வந்து, காந்தள் கிழங்கு புரளும்படி நிலத்தைக் கிண்டிப் போடுகிறது. குறவர்கள் ஏர் பூட்டவில்லை. நல்ல நாளில் பதம் பார்த்து, அந்தப் புழுதியிலேயே தினை விதைக்கிறார்கள். விளைந்த புதுத்தினையை, மான்கறி வெந்த வாசம் போகாத கழுவாத பானையில், மரையா என்னும் காட்டுப்பசுவின் பாலில், சந்தன விறகு எரித்துச் சமைத்து, அகன்ற வாழையிலையில் பலரோடு பகிர்ந்து உண்கிறார்கள். பன்றியின் மூக்கில் தொடங்கி விருந்தில் போய் நிற்கும் இந்த வரிசையை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. காட்டுப்பன்றியை யாரும் இடம் மாற்ற வேண்டியதில்லை. இரை தேடி அதுவே அடுத்த சரிவுக்குப் போய்விடும். அந்த நடமாட்டத்தைத்தான் இன்று கம்பியால் உண்டாக்க வேண்டியிருக்கிறது.

காந்தள் கிழங்கோ கொடிய நஞ்சு. பன்றி அதைக் கிண்டியதாகத்தான் புலவர் சொல்கிறார், தின்றதாகச் சொல்லவில்லை. அமெரிக்க வீட்டோரங்களில் அழகுக்கு வளர்க்கும் யூ செடியும் பன்றிக்கு நஞ்சுதான். கம்பி கட்டுமுன் அது எங்கெல்லாம் நிற்கிறது என்று பார்த்துவிட வேண்டும். வெட்டிப் போட்ட காய்ந்த கிளையும் ஆபத்துதான்.